ரோல் ஐஸ்கிரீம்: ஊற்றிய பால் சுருளாக எழுவது எப்படி?

பெயர்பெற்ற இனிப்புக் கடை ஒன்றில் ரோல் ஐஸ்கிரீமுக்காக வரிசையில் நிற்பவர்களைக் கவனித்தால், பெரும்பாலோரின் கண்கள் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருக்கும் எஃகுத் தட்டின் மீதே நிலைத்திருக்கும். ஊழியர் ஒரு கோப்பைப் பால்கலவையை அதில் ஊற்றுகிறார். கையளவு அகலமுள்ள இரண்டு சுரண்டிகளால் கொத்துகிறார், கிளறுகிறார், மெல்லிய ஏடாகப் பரப்புகிறார், சற்றே காத்திருக்கிறார். பிறகு ஒரு விளிம்பில் சுரண்டியை வைத்துத் தள்ளிக்கொண்டே போக, அந்த ஏடு பாயைச் சுருட்டுவது போலத் தன்மேல் தானே சுருண்டு எழுகிறது. ஊற்றியதிலிருந்து சுருட்டி முடிக்கும் வரை சில நிமிடங்களே ஆகின்றன. நான்கைந்து சுருள்களைக் கோப்பையில் நிறுத்தி, மேலே பழத்துண்டோ சாறோ சேர்த்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

முதன்முறை அதைச் சுவைக்கப் போனபோது என் மனத்தில் எழுந்த கேள்வி எளிமையானது. வீட்டு ஃப்ரீசரில் வைத்த இனிப்புப் பால் பல மணி நேரம் கழித்து, பல்லில் கரகரக்கும் பனிக்கட்டியாகத்தான் வெளியே வருகிறது. ஏறத்தாழ அதே பொருள்களைக் கொண்ட கலவை இங்கே கண்ணெதிரில், சில நிமிடங்களில், வழவழப்பான ஐஸ்கிரீமாக மாறுவது ஏன்? இடையே நடந்தது கொத்தியதும் பரப்பியதும் சுரண்டியதும் மட்டுமே. தேடிப் படித்தபோது, இந்த மூன்று செயல்களுக்குள்ளேயே ஐஸ்கிரீம் தயாரிப்பின் அடிப்படை முழுவதும் அடங்கியிருப்பது தெரிந்தது. ஆலைகளில் மூடிய உருளைக்குள் யாரும் பார்க்க முடியாதபடி நடக்கும் வேலையை இந்தக் கடைகள் திறந்த தட்டின் மேல் செய்துகாட்டுகின்றன. அந்த வேலை இன்னதென்று விளங்கினால், எதைக் கேட்டு வாங்குவது, எப்போது சாப்பிடுவது, ஏன் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்பவை தாமாகவே விளங்கும்.

முதலில் பெயரைப் பற்றிச் சிறிது. இந்த முறை தாய்லாந்தின் தெருவோரக் கடைகளில் தோன்றியது. அங்கே இதை 'ஐத்திம் பட்' என்கிறார்கள். 'ஐத்திம்' என்பது ஐஸ்கிரீம் என்ற சொல்லின் பேச்சு வழக்கு. 'பட்' என்பது அகன்ற சட்டியில் கிளறி வதக்குவதைக் குறிக்கும் சொல். வதக்குபவரின் கையசைவும் இங்கே கொத்திக் கிளறுபவரின் கையசைவும் ஒத்திருப்பதால் வந்த பெயர் அது. தென்கிழக்கு ஆசிய நாடுகளில் பரவி, 2010களில் உலகின் பல நகரங்களுக்கும் போய்ச் சேர்ந்தபோது, 'வறுத்த ஐஸ்கிரீம்' என்ற மொழிபெயர்ப்பும் கூடவே போனது. அதனால் ஒரு குழப்பமும் உண்டாயிற்று. ஐஸ்கிரீம் உருண்டைக்கு மாவு அல்லது ரொட்டித்தூள் மேலுறை கொடுத்துக் கொதிக்கும் எண்ணெயில் சில நொடிகள் பொரித்தெடுக்கும் பண்டம் முற்றிலும் வேறானது. திரவ நைட்ரஜனை ஊற்றி வெண்புகை எழ உறைய வைக்கும் முறையும் வேறானது; அந்தத் திரவத்தின் கொதிநிலை மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். ரோல் ஐஸ்கிரீமில் எண்ணெயும் கிடையாது, சூடும் கிடையாது, நைட்ரஜனும் கிடையாது. குளிர்ந்த தட்டு ஒன்றுதான் உண்டு.

தட்டு குளிர்வதும் பால் உறைவதும்

பார்வைக்கு அது சமையலறை அடுப்பின் மேற்பரப்பு போலவே தோன்றினாலும், உள்ளே இருப்பது வீட்டுக் குளிர்பெட்டியில் இருக்கும் அதே இயந்திர அமைப்புதான். கம்ப்ரஸர் ஒன்று குளிர்பதன வாயுவை அழுத்துகிறது; அழுத்தப்பட்ட வாயு தன் வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டுவிட்டுத் திரவமாகிறது; அந்தத் திரவம் தட்டின் அடியில் ஓடும் குழாய்களில் அழுத்தம் குறைந்து ஆவியாகும்போது, ஆவியாவதற்குத் தேவையான வெப்பத்தைத் தட்டிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. இந்தச் சுற்று ஓயாமல் நடப்பதால் தட்டின் மேற்பரப்பு பொதுவாக மைனஸ் 20 முதல் மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்திருக்கும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் தட்டின் மேல் வெண்பூச்சுப் போலப் படிந்திருப்பது காற்றிலுள்ள ஈரம் உறைந்து உண்டான உறைபனி. பல இயந்திரங்களில் காலால் அழுத்தும் மிதி ஒன்றும் இருக்கும். ஏடு தட்டோடு இறுகப் பிடித்துக்கொண்டு வர மறுத்தால், ஊழியர் அதை மிதித்துத் தட்டைச் சற்றே இளக்கிக்கொள்கிறார்.

இவ்வளவு குளிர் ஏன் தேவைப்படுகிறது என்பதற்குக் காரணம், நீர் உறைவதற்கு நாம் நினைப்பதை விட மிக அதிக வெப்பத்தை இழக்க வேண்டியிருப்பதே. ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி குளிர்விக்க அதிலிருந்து ஒரு கலோரி வெப்பத்தை எடுத்தால் போதும். (இது இயற்பியலின் கலோரி, உணவுப் பொட்டலங்களில் குறிக்கப்படும் கலோரி இதைப் போல ஆயிரம் மடங்கு.) ஆனால் பூச்சிய டிகிரியை அடைந்துவிட்ட அதே ஒரு கிராம் நீரைப் பூச்சிய டிகிரியிலேயே பனிக்கட்டியாக மாற்ற ஏறத்தாழ 80 கலோரி எடுத்தாக வேண்டும். அதாவது, 80 டிகிரிச் சூட்டிலிருந்து பூச்சியம் வரை குளிர்விக்கும் அளவுக்கான வேலையை மறுபடியும் ஒருமுறை செய்ய வேண்டும். இதைத்தான் பள்ளிப் பாடத்தில் உள்ளுறை வெப்பம் என்று படித்தோம். தட்டில் ஊற்றிய பால் உடனே குளிர்ந்துவிட்டாலும், சிறிது நேரம் கூழாகவே கிடந்து கட்டியாக மறுப்பது இதனால்தான். அந்த நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றும்; உண்மையில் தட்டு தன் வேலையின் பெரும்பகுதியை அப்போதுதான் செய்கிறது.

வரிசை நீண்டிருக்கும் கடையில் இதன் விளைவை நேரிலேயே பார்க்கலாம். ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளியின்றிப் பால் ஊற்றப்படும்போது, தட்டு இழந்த குளிர்ச்சியைக் கம்ப்ரஸர் மீட்டுத் தருவதற்குள் அடுத்த கோப்பை வந்துவிடுகிறது. முதலில் வந்தவருக்குச் சட்டென்று எழுந்த சுருள், பத்தாவதாக வந்தவருக்கு மெதுவாகவும் தளர்வாகவும் எழுகிறது. திறமையான ஊழியர் இதை அறிந்து, இரண்டு மூன்று தட்டுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவார். கூட்டம் குறைந்த வேளையில் போவது நல்லது என்று நான் நண்பர்களுக்குச் சொல்வதற்கு, காத்திருக்கும் நேரம் குறையும் என்பதோடு இதுவும் ஒரு காரணம்.

குளிர்ச்சியோடு சேர்ந்து வேலை செய்வது மெல்லிய பரப்பு. 180 மில்லிலிட்டர் பால்கலவையை 30 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள இடத்தில் பரப்பினால், அதன் தடிமன் 2 மில்லிமீட்டர் மட்டுமே. அதே அளவு பால் ஒரு சிறு கிண்ணத்தில் இருந்தால் அதன் ஆழம் சில சென்டிமீட்டர் ஆகிவிடும். வெப்பம் உள்ளிருந்து வெளியே வரக் கடக்க வேண்டிய தொலைவு கூடக்கூட, உறையும் நேரம் அதைவிட வேகமாகக் கூடுகிறது. அசையாமல் இருக்கும் பொருளில் தடிமன் இரு மடங்கானால் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஃப்ரீசரில் வைத்த கிண்ணம் மணிக்கணக்கில் எடுத்துக்கொள்வதற்கும், தட்டில் பரப்பிய ஏடு நிமிடங்களில் முடிந்துவிடுவதற்கும் உள்ள இடைவெளியில் பெரும்பங்கு இந்தக் கணக்கிலிருந்தே வருகிறது. அதோடு, ஃப்ரீசரில் கிண்ணத்தைச் சூழ்ந்திருப்பது காற்று. காற்று வெப்பத்தை மிக மந்தமாகவே எடுத்துச் செல்லும். இங்கே பால் நேரடியாக உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

வழவழப்பு எங்கிருந்து வருகிறது

வேகமாக உறைந்தால் என்ன, மெதுவாக உறைந்தால் என்ன, இரண்டுமே பனிக்கட்டிதானே என்று கேட்கலாம். நாக்குக்கு அவை இரண்டும் ஒன்றல்ல. எந்த ஐஸ்கிரீமிலும் நீர் எண்ணற்ற சிறு பனிப்படிகங்களாகவே உறைந்திருக்கிறது. அந்தப் படிகங்களின் அளவு ஏறத்தாழ 50 மைக்ரானுக்கு உள்ளே இருந்தால் நாக்கு அவற்றைத் தனித்தனியாக உணர்வதில்லை. வழவழப்பு என்றே உணர்கிறது. அதைத் தாண்டிப் பெரிதாகும்போது மணலைத் தொட்டது போன்ற கரகரப்புத் தெரியத் தொடங்குகிறது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் தடிமனே சாதாரணமாக 50 மைக்ரானுக்கும் மேல் இருக்கும் என்றால், எவ்வளவு நுண்ணிய வேறுபாட்டை நாக்கு கண்டுபிடிக்கிறது என்பது புரியும்.

மெதுவாகக் குளிரும் பாலில் சில இடங்களில் மட்டுமே படிகம் தோன்றுகிறது. அவசரம் இல்லாததால் சுற்றியுள்ள நீரெல்லாம் அந்தச் சில படிகங்களிலேயே வந்து ஒட்டிக்கொள்ள, அவை பெருத்துவிடுகின்றன. கடும் குளிரில் திடீரென அகப்பட்ட பாலிலோ ஒரே நேரத்தில் எண்ணற்ற இடங்களில் படிகங்கள் முளைக்கின்றன. இருக்கும் நீரை அத்தனை படிகங்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருப்பதால் எதுவும் பெரிதாக வளர முடிவதில்லை. ஊழியர் ஓயாமல் கொத்துவதும் சுரண்டுவதும் இதற்குத் துணைநிற்கின்றன. தட்டைத் தொட்டு உறைந்த படலத்தைச் சுரண்டி எடுத்து, உறையாத பாலோடு கலக்கும்போது, உடைந்த துணுக்குகள் ஒவ்வொன்றும் புதிய படிகத்துக்கு விதையாகின்றன. சுரண்டப்பட்ட இடத்தில் புதிய பால் தட்டைத் தொடுகிறது. ஆகவே அந்தக் கொத்தலை வாடிக்கையாளரைக் கவர்வதற்கான வித்தை என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. கொத்துவதில் சோம்பல் காட்டினால் அது நாக்கில் தெரிந்துவிடும்.

இந்த உத்தி மிகப் பழையது. அமெரிக்காவைச் சேர்ந்த நான்சி ஜான்சன் என்ற பெண்மணி 1843இல் கையால் சுற்றும் ஐஸ்கிரீம் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். மரவாளியில் பனிக்கட்டியும் உப்பும். அதன் நடுவே உலோகக் குவளை. குவளைக்குள் சுழலும் துடுப்பு. உப்புச் சேர்ந்த பனிக்கட்டி, உப்பின் விகிதம் சரியாக அமைந்தால், மைனஸ் 21 டிகிரி வரை இறங்கக்கூடியது. குவளையின் உட்சுவரில் பால் உறைய உறைய, துடுப்பு அதைச் சுரண்டி உள்ளே தள்ளும். 1920களில் பால்கலவை ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் ஐஸ்கிரீமாக வெளிவரும் தொடர் உறைவு இயந்திரங்கள் வந்தன. இன்றைய ஆலைகளிலும், மைனஸ் 25, 30 டிகிரிக்குக் குளிர்ந்த உருளையின் உட்சுவரை வேகமாகச் சுழலும் கத்திகள் ஓயாது சுரண்டிக்கொண்டிருக்கின்றன. அந்த உருளையை நெடுக வெட்டி, விரித்து, மேசைமேல் கிடத்தியதாகக் கற்பனை செய்துபாருங்கள். கிடைப்பதுதான் ரோல் ஐஸ்கிரீம் தட்டு. கத்திகளுக்குப் பதில் ஊழியரின் இரண்டு கைகள். இந்த ஒப்புமை விளங்கிய நாளிலிருந்து, அந்தத் தட்டின் முன் நிற்கும்போதெல்லாம் ஆலைக்குள் எட்டிப்பார்ப்பது போன்ற மகிழ்ச்சி எனக்கு உண்டாகிறது.

ஆனால் ஆலை இயந்திரம் செய்யும் ஒரு வேலையைத் தட்டு செய்வதில்லை. ஆலையில் உறையவைக்கும்போதே காற்றையும் செலுத்திக் கலக்குகிறார்கள். மலிவு வகைகளில் ஒரு லிட்டர் கலவை ஏறத்தாழ இரண்டு லிட்டர் ஐஸ்கிரீமாகப் பெருகும் அளவுக்குக்கூடக் காற்று சேர்வதுண்டு. தட்டில் கொத்தும்போது சேரும் காற்று சொற்பம். அதனால் ரோல் ஐஸ்கிரீம் வாயில் கனமாக, அடர்த்தியாக இருக்கும். பஞ்சு போன்ற மென்மையை எதிர்பார்த்துப் போகிறவருக்கு இது முதலில் ஏமாற்றமாக இருக்கக்கூடும். எனக்கு அந்த அடர்த்திதான் பிடித்திருக்கிறது.

இனி, சுருள்வதற்கு வருவோம். வெறும் நீரைத் தட்டில் ஊற்றிப் பரப்பினால் அது கண்ணாடி போன்ற பனித்தகடாகும்; சுரண்டினால் நொறுங்கும், சுருளாது. பால்கலவை வளைந்து கொடுப்பதற்குக் காரணம் சர்க்கரை. சர்க்கரை கரைந்த நீர் பூச்சிய டிகிரியில் உறைவதில்லை. வழக்கமான ஐஸ்கிரீம் கலவை மைனஸ் 2.5, 3 டிகிரி அளவில்தான் உறையத் தொடங்கும். நீரின் ஒரு பகுதி பனியாகப் பிரிந்ததும், மீதமுள்ள திரவத்தில் சர்க்கரையின் செறிவு கூடிவிடுவதால், அது உறைய இன்னும் ஆழ்ந்த குளிர் வேண்டும். குளிர் ஏற ஏற இது தொடர்ந்துகொண்டே போகும். மைனஸ் 5 டிகிரியில் ஏறத்தாழப் பாதி நீர்தான் உறைந்திருக்கும். மைனஸ் 18இல்கூட ஏறத்தாழக் கால் பங்கு உறையாமல் கெட்டிப்பாகாக எஞ்சியிருக்கும். நுண்ணிய பனிப்படிகங்களும் கொழுப்புத் துளிகளும் அந்தப் பாகில் பதிந்திருக்கும் கலவையைத்தான் நாம் ஐஸ்கிரீம் என்கிறோம். படிகங்கள் அதற்கு உறுதியைத் தருகின்றன. உறையாத பாகு நெகிழ்ச்சியைத் தருகிறது. கொழுப்பு இரண்டுக்கும் இடையே வழுக்கலைத் தருகிறது.

சுரண்டியைத் தாழ்ந்த கோணத்தில் வைத்துத் தள்ளும்போது, அதன் முனை ஏட்டுக்கும் தட்டுக்கும் உள்ள பிடிப்பை விடுவிக்கிறது. விடுபட்ட பகுதி முன்னே போக முடியாது, ஏனெனில் முன்னால் உள்ள ஏடு இன்னும் தட்டைப் பற்றியிருக்கிறது. வேறு வழியின்றி அது மேலெழுந்து வளைகிறது. சுரண்டி மேலும் நகர, வளைந்த பகுதி தன்மேல் தானே சுற்றிக்கொள்கிறது. இழைப்புளி போட்டு மரத்தை இழைக்கும் தச்சர் முன் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. மெல்லிய மரச்சீவல் சுருண்டு விழுவதும் ஏறத்தாழ இதே வகையில்தான். ஏடு அளவுக்கு மீறிக் குளிர்ந்திருந்தால் நெகிழ்ச்சி போய் விரிசல் விட்டுச் செதில் செதிலாக உடையும். போதிய குளிர் ஏறாவிட்டால் சுரண்டியின் முன்னே குழைந்து குவியும். இரண்டுக்கும் இடையே உள்ள அவகாசம் மிகக் குறுகியது. பரப்பி முடித்த பிறகு ஊழியர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது போலத் தோன்றும் அந்தச் சில நொடிகளில் அவர் ஏட்டின் பளபளப்பு மங்குவதைத்தான் கவனித்துக்கொண்டிருக்கிறார். ஈரப்பளபளப்பு மறைந்து மேற்பரப்பு மங்கலானதும் சுரண்டியை எடுப்பார்.

எதைக் கேட்டு வாங்குவது

முதன்முறை செல்பவருக்கு என் பரிந்துரை, சேர்மானம் அதிகம் இல்லாத ஒன்றை வாங்க வேண்டும் என்பதே. பெயர்ப்பலகையில் பத்துப் பொருள் சேர்ந்த கோப்பைகள் கண்ணைப் பறிக்கும். ஆனால் தட்டில் விழும் ஒவ்வொரு பொருளும் மேலே சொன்ன சமநிலையை ஒரு பக்கம் இழுக்கிறது. தர்பூசணி, ஆரஞ்சு போன்ற பழங்கள் பெரும்பாலும் நீர். அவை கலவையின் கொழுப்பையும் சர்க்கரையையும் நீர்க்கச் செய்துவிடுவதால் ஏடு நொறுங்கும் தன்மை பெறுகிறது, படிகங்களும் பெரிதாகின்றன. கனிந்த வாழைப்பழம், மாம்பழக் கூழ் போன்றவை கெட்டியான சதை உள்ளவை. ஏட்டை வழவழப்பாகவே வைத்திருக்கும். மெல்லிய பிஸ்கட் நன்றாகப் பொடிந்து கலந்துவிடும், ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். பெரிய முந்திரித் துண்டுகளோ சுரண்டி செல்லும் வழியில் ஏட்டைக் கிழித்துவிடும். அவற்றை மேலே தூவித் தரச் சொல்வது நல்லது. சாக்லேட்டில் உள்ள கோகோ வெண்ணெய் உடல் வெப்பநிலைக்குச் சற்றுக் கீழேதான் உருகும். மைனஸ் 20 டிகிரித் தட்டில் அது கல்லாகிவிடுகிறது. அதனால் பெரிய சாக்லேட் துண்டுகளைப் பல்லால் கடித்தாலும் சுவை தெரிய நேரமாகும். சாக்லேட் பிடித்தவர்கள் கோகோத்தூள் கலந்த பாலைக் கேட்டால் சுவை உடனே கிடைக்கும்.

சர்க்கரை குறைவாகப் போடச் சொல்பவர்கள், சுருள் சற்று இறுகியும் விரிசல் விட்டும் வரும் என்பதை முன்பே அறிந்திருக்க வேண்டும். அதில் ஊழியரின் தவறு ஏதும் இல்லை. பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் கேட்பவர்களுக்குக் கவலை வேண்டாம், அதில் கொழுப்புப் போதுமான அளவு இருக்கிறது. பாதாம்பால் போன்ற நீர்த்த வகைகளில்தான் வழவழப்புக் குறையும்.

ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் இதை மிகுந்த கவனத்துடன் படிக்க வேண்டும். அடைத்து விற்கும் ஐஸ்கிரீமில் என்ன இருக்கிறது என்பது பொட்டலத்தின் மேல் அச்சாகியிருக்கும். ரோல் ஐஸ்கிரீம் கடையிலோ ஒரே தட்டில், ஒரே சுரண்டியால், உங்களுக்கு முன் நின்றவருக்கு வேர்க்கடலையும் உங்களுக்கு வெனிலாவும் கலக்கப்படுகின்றன. இடையில் தட்டைச் சுரண்டித் துடைத்தாலும் நுண்ணிய துணுக்குகள் தங்கியிருக்க வாய்ப்புண்டு. கொட்டைவகை ஒவ்வாமை உள்ள குழந்தையை அழைத்துச் செல்பவர்கள் முன்கூட்டியே சொல்லி, தட்டையும் கருவிகளையும் கழுவித் தர முடியுமா என்று கேட்க வேண்டும். முடியாது என்றால் அங்கே வாங்காமல் இருப்பதே பாதுகாப்பு. அதேபோல, குளிர் கிருமிகளைக் கொன்றுவிடும் என்ற நம்பிக்கையும் தவறு. உறைநிலை பெரும்பாலான நுண்ணுயிர்களின் வளர்ச்சியை நிறுத்துகிறதே தவிர, அவற்றை அழிப்பதில்லை. லிஸ்டீரியா என்னும் பாக்டீரியா குளிர்பெட்டியின் சாதாரணக் குளிரிலும் வளரக்கூடியது. எனவே பால்கலவைப் பாத்திரம் குளிர்பெட்டிக்குள் இருந்து எடுக்கப்படுகிறதா, மேசைமேல் நெடுநேரம் திறந்து கிடக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம். குழந்தைகள் ஆர்வத்தில் ஈரக் கையால் தட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். விரலின் ஈரம் அந்த நொடியே உறைந்து, தோல் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

கையில் வந்த பிறகு

கோப்பை கைக்கு வந்ததும் படம் எடுக்கத் தோன்றும். எடுங்கள், ஆனால் விரைவாக. சுருள் வடிவத்தில் எல்லாப் பக்கமும் காற்று படுவதால், உருண்டையாக அள்ளி வைத்த ஐஸ்கிரீமை விட இதன் விளிம்புகள் முன்னதாகவே இளகத் தொடங்கும். அதற்காக அவசரப்பட்டு முதல் வாயை உடனே விழுங்கவும் வேண்டாம். கடுங்குளிரில் நாக்கு இனிப்பைக் குறைவாகவே உணர்கிறது. சுவை அரும்புகளில் இனிப்பை உணர்த்துவதில் பங்குகொள்ளும் டிஆர்பிஎம்5 என்னும் புரதம் வெப்பநிலைக்கு ஏற்ப வேலை செய்வது. குளிரில் அது மந்தமாகிவிடும். உருகிப்போன ஐஸ்கிரீம் திகட்டும் அளவுக்கு இனிப்பதன் காரணமும் இதுவே. ஆகவே ஒரு சுருளின் மேல்விளிம்பைக் கரண்டியால் சிறிதாக எடுத்து, நாக்கின் மேல் வைத்துக் கரைய விட்டால், முதலில் குளிர், பிறகு பாலின் கொழுப்பு, அதன்பின் இனிப்பும் மணமும் என்று சுவை ஒன்றன்பின் ஒன்றாக விரியும். மெல்லிய ஏடு என்பதால் இது தடித்த உருண்டையை விட வேகமாக நடக்கிறது. ரோல் ஐஸ்கிரீமில் நான் கண்ட தனிச்சிறப்பு இந்த விரைவான சுவைவிரிவுதான்.

பெரிய வாயாக விழுங்கினால் நெற்றியில் சுரீரென்று ஒரு வலி வருவதுண்டு. அண்ணத்தில் உள்ள இரத்தக் குழாய்கள் திடீர்க் குளிரில் சுருங்கி உடனே விரிவதால் எழும் உணர்வை, முகத்துக்கும் அண்ணத்துக்கும் பொதுவான முந்நரம்பு நெற்றியின் வலியாகக் கொண்டுசேர்க்கிறது. நாக்கை அண்ணத்தில் அழுத்தி வெதுவெதுப்பு ஊட்டினால் சிறிது நேரத்தில் அடங்கிவிடும்.

வீட்டில் இருப்பவர்களுக்காக ஒரு கோப்பை கட்டி வாங்கிப் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம் என்பதே என் பதில். அடைத்து விற்கும் ஐஸ்கிரீமில், போக்குவரத்தில் ஏறி இறங்கும் வெப்பநிலையைத் தாங்க, கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் பசை போன்ற நிலைநிறுத்திகளைச் சேர்க்கிறார்கள். உடனே சாப்பிடுவதற்கென்றே செய்யப்படும் ரோல் ஐஸ்கிரீமுக்கு அவை பெரிதாகத் தேவைப்படுவதில்லை. வழியில் சிறிது உருகி, வீட்டு ஃப்ரீசரில் மறுபடி மெதுவாக உறையும்போது, சிறு படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களோடு சேர்ந்துவிடும். ஊழியர் கொத்திக் கொத்திச் சம்பாதித்த வழவழப்பு முழுவதும் ஓர் இரவில் கரகரப்பாகிவிடும்.

வீட்டிலேயே செய்து பார்க்க விரும்புபவர்களுக்கு, ஒரு கணக்கைச் சொன்னால் பல ஏமாற்றங்கள் குறையும். ஃப்ரீசரில் இரவு முழுவதும் வைத்த ஒரு கிலோ எடையுள்ள எஃகுத் தட்டை வெளியே எடுத்து, அதில் பாலை ஊற்றி உடனே சுருட்டிவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். மைனஸ் 18 டிகிரியிலிருந்து மைனஸ் 3 டிகிரி வரை ஏறும்போது அந்தத் தட்டு உறிஞ்சக்கூடிய வெப்பம் ஏறத்தாழ 1,800 கலோரி. ஒரு கிராம் நீருக்கு 80 கலோரி வீதம் பார்த்தால், அது உறைய வைக்கக்கூடியது 22 கிராம் அளவு நீரை மட்டுமே. அலுமினியத் தட்டு ஏறத்தாழ 40 கிராம் வரை தாங்கும். கடைத் தட்டின் அடியில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டுத் தட்டின் அடியில் ஒன்றும் இல்லை. எனவே, குளிர்ந்த தட்டில் பாலை 2 மில்லிமீட்டர் அளவுக்குப் பரப்பி, தட்டோடு மறுபடி ஃப்ரீசரில் சமமாக வைத்து, நன்கு இறுகியதும் வெளியே எடுத்து, மேற்பரப்பு சற்று இளகும் வரை ஓரிரு நிமிடம் பொறுத்து, தட்டையான கரண்டியால் சுருட்ட வேண்டும். கொத்துவதற்கு வழியில்லாததால் படிகங்கள் கடையில் கிடைப்பதை விடப் பெரிதாகவே இருக்கும். கலவையில் சுண்டிய இனிப்புப் பாலும் கெட்டியான பாலேடும் சற்றுத் தாராளமாகச் சேர்த்தால், உறையக்கூடிய நீரின் பங்கு குறைந்து, சுருளும் விரிசல் விடாமல் எழும்.